குவைத்திலிருந்து வந்த விடைகள்

டியூஷன் சென்டரின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி நிவேதா என்னை விரட்டத் தொடங்கிச் சில வாரங்களாகின்றன. நான் எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியை அவள். நல்ல பெண். ஒரே குறை, என்னை ஏதோ கல்வெட்டுக் காலத்து ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இப்பல்லாம் பசங்க கேள்விய போட்டோ எடுத்துப் போட்டா போனே பதில் சொல்லிடுது சார். அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி சமாளிச்சீங்கன்னு எழுதுங்க. கொஞ்சம் பாஸிட்டிவா இருக்கட்டும் சார்."

அவள் சொல்லும் அந்தக் காலம் போன வருஷம்தான் முடிந்தது. பாஸிட்டிவாக எழுத எனக்கும் ஆசை. ஆனால் பேனாவை எடுத்தாலே தலையில் அடித்துக்கொள்ளத்தான் கை போகிறது. வாழ்நாள் பழக்கம்.

நான் ஒரு வீட்டுப்பாட ஆசிரியன். பள்ளிக்கூட ஆசிரியர் வேறு, நான் வேறு. அவர் காலையில் கேள்வியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர். அந்தக் கேள்வியை மாலையில் பையில் சுமந்துகொண்டு வரும் பிள்ளைகளுக்கு எதிரே மாட்டிக்கொண்டு விழிக்கிறவன் நான். குமரேசன் என்ற என் பெயர் ரேஷன் கடைக்குத்தான் தெரியும். ஊருக்கு நான் ஹோம்வொர்க் சார்.

படித்தது அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம். வங்கித் தேர்வு எழுதினேன். வங்கி வேண்டாம் என்றது. மறுபடி எழுதினேன். வங்கி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "குறுவை அறுப்பு முடியற வரைக்கும் சும்மாதானே இருக்கீங்க, வந்து நாலு புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க" என்று ஜெயபால் அண்ணன் கூப்பிட்டார். போனேன். அந்தக் குறுவை முடிந்தது. அதன் பிறகு எத்தனையோ குறுவை வந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் வராமலும் போனது. நான் மட்டும் ஒரு போகம்கூடத் தவறாமல் அங்கேயே கிடந்தேன்.

என் ஆங்கிலத்தின் தரத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஒருமுறை தாராசுரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கும்பகோணத்துக்கு எந்தப் பஸ் என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கேள்வி முழுக்கப் புரிந்தது. விடையும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தபோது 'வெல்கம்' என்ற ஒரு சொல்தான் வந்தது. கை தானாகத் தஞ்சாவூர் பஸ்ஸைக் காட்டிவிட்டது. அவர் நன்றி சொல்லி ஏறிப் போனார். கூட நின்ற என் மாணவன், "சூப்பரா பேசுனீங்க சார்" என்றான்.

சென்டர் இருப்பது திருப்பனந்தாள் போகும் சாலையில், ஜெயபால் அண்ணனின் உரக்கடைக்கு மேல்மாடியில். கீழே யூரியா, மேலே இலக்கியம். ஜன்னலைத் திறந்தால் உர வாடை. மூடினால் பிள்ளைகள் வாடை. உரம் பரவாயில்லை என்று திறந்தே வைத்திருப்போம்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அது அவருக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. "எனக்கு நெல்லுகூடப் பேசத் தெரியாது சார், வெளையுதுல்ல?" என்பார். மாலையில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு மாடியேறி வருவார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வரிசை மெல்ல நடப்பார், வரப்பில் நடக்கிற மாதிரி. ஒரு பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்ப்பார். பாடம் புரிந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் பக்கம் திரும்பி, "பச்சை புடிச்சிருக்கா சார்?" என்பார். நடவு நட்ட நாற்று வேர்விட்டு நிமிர்ந்து நிற்பதைச் சொல்லும் பேச்சு அது. நான் தலையாட்டினால் அடுத்த வரிசைக்குப் போவார். உதட்டைப் பிதுக்கினால், "மேலுரம் போடுங்க" என்பார். மேலுரம் என்றால் கூடுதல் வீட்டுப்பாடம்.

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் டீ ஊற்றுவார். கடைப் பையன் கொண்டுவந்து வைக்கிற டீயில் ஆபத்தில்லை. அண்ணன் தன் கையால் பிளாஸ்க்கைத் திறந்து, தம்ளரைத் துடைத்து, ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டி, "சாப்பிடுங்க சார்" என்றால் போச்சு. அந்த டீ தொண்டையில் இறங்கி முடிகிற வரை ஒன்றும் பேச மாட்டார். பிறகு ஒரே வாக்கியம் சொல்வார். கணக்குச் சார் ஒருவர் அப்படி ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுநாள் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

என் வேலை முறை இதுதான். பிள்ளை வந்து புத்தகத்தை விரித்ததும் நான் மூடிவிடுவேன். கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டும், தெருவில் நடந்த ஒரு சங்கதியை வீட்டில் வந்து சொல்கிற மாதிரி. பிறகு ஏன் அப்படி நடந்தது என்று தோன்றுவதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம் திறக்கும். தோன்றியது பாடத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க வரி கிடைக்காவிட்டால் அந்த விடை செல்லாது. விரல் வைத்தபின் சொந்த ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். நோட்ஸ் புத்தகத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டும்.

சொல்லும்போது அழகாகத்தான் இருக்கிறது. நடந்தது இப்படி. கதவைத் திறக்க மறுக்கும் கிழவரைப் பற்றி ஒரு பாடம்.

"கிழவரு ஏண்டா கதவத் தொறக்கல?"

"காது கேக்காது சார்."

"பாடத்துல அப்படி இருக்கா?"

"இல்ல சார். எங்க தாத்தாவுக்குக் கேக்காது."

"உங்க தாத்தா இந்தப் பாடத்துல வர்றாரா?"

"வந்தாலும் தொறக்க மாட்டாரு சார்."

இன்னொரு கூட்டம் உண்டு. எந்தக் கதையில் எவன் வந்தாலும் 'ஹீ இஸ் கைண்ட் அண்ட் ஹெல்ப்ஃபுல்' என்று எழுதிவிடும். ஊரையே கொளுத்திய கொள்ளைக்காரன் ஒருவனுக்கும் அதே நற்சான்றிதழ் வந்தது. எங்கேடா உதவி செய்தான், விரல் வை என்றேன். "அப்படி எழுதுனா மார்க்கு போடுவாங்க சார்" என்றான் பையன். போட்டார்கள். நான் எத்தனையோ வருஷம் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு போராடியதை அந்த ஒரு வாக்கியம் தோற்கடித்தது. இப்போது நிவேதாவின் பிள்ளைகளுக்குப் போன் சொல்கிற விடையையும் பார்த்தேன். அதேதான், கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

ஆகவே நிவேதா, உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் காலத்திலும் விடை போனிலிருந்து வந்ததுண்டு. என்ன, அந்தப் போனுக்குள் ஒரு அப்பா இருந்தார்.

யாழினி பத்தாம் வகுப்பில் எங்களிடம் வந்தாள். அதிகம் பேசாத பெண். ஏதாவது கேட்டால் பதிலைக் காட்டிலும் கண்ணை இமைப்பதுதான் அதிகம். அவள் அம்மா கலையரசி பக்கத்துக் கிராமத்தில் இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா செல்வம் குவைத்தில், கட்டடம் கட்டும் இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தலைக்கவசம் போடாதவனையும் இடுப்பில் கயிறு கட்டாமல் உயரத்தில் ஏறுகிறவனையும் பிடித்துக் கீழே இறக்குவது வேலை.

முதல் வாரமே நிலவைப் பற்றிய கவிதைக்கு ஒரு கேள்வி. நிலவைப் பார்த்ததும் கவிஞருக்கு என்ன தோன்றுகிறது? யாழினி எழுதியிருந்தது: 'வெளிச்சம் போதவில்லை என்று தோன்றுகிறது. இரவு வேலைக்குக் கூடுதல் விளக்கு வைக்க வேண்டும்.' ஆங்கிலம் பிழையே இல்லாமல், ஒழுங்காக இருந்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அடுத்து படகோட்டிக் கதை. ஆற்றில் வெள்ளம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி அக்கரையில் இருக்கிறாள். போகாதே என்று ஊரே தடுக்கிறது. படகோட்டி படகை அவிழ்த்துக்கொண்டு போய் மருத்துவச்சியை ஏற்றி வருகிறான். கரைக்குப் பக்கத்தில் படகு சுழலில் மாட்டுகிறது. இறங்கித் தள்ளிவிடுகிறான். மருத்துவச்சி கரை சேருகிறாள், படகும் சேருகிறது, அவன் சேரவில்லை. கேள்வி: அவன் ஏன் படகை அவிழ்த்தான்?

யாழினியின் விடை: 'தளத்தில் மேற்பார்வையாளர் இல்லாததால். படகோட்டி மிதவைச் சட்டை அணியவில்லை. இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து.'

"யாரும்மா சொன்னது இது?"

"அப்பா சார்" என்றாள். இமைத்தாள்.

அப்போது கலையரசி மாடிப்படியில் போனை நீட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பாடம் நடத்தும் நேரமும் குவைத்தில் ஆட்கள் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரமும் ஒன்று. தினமும் வீடியோ அழைப்பில் அப்பாதான் வீட்டுப்பாடத்துக்கு விடை சொல்வாராம். பெண் எழுத எழுத நோட்டைக் காமிராவில் காட்ட வேண்டுமாம். நான் போனை வாங்கினேன். திரையில் அரை முகமும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

"சார் வணக்கம் சார். யாழினி அப்பா பேசறேன். ஏன் சார், ஸ்பெல்லிங் எதாச்சும் தப்பா?"

"ஸ்பெல்லிங் பிரமாதங்க. விடைதான் தப்பு."

"எப்படி சார் தப்பாவும்? ஆத்துல வெள்ளம். போவாதன்னு அத்தன பேரு சொல்றாங்க. இவன் ஒத்தையா போறான். மிதவை இல்ல, கயிறு இல்ல, கூட ஆளு இல்ல. எங்க சைட்ல ஒருத்தன் இப்படிப் பண்ணா அன்னைக்கே டிக்கெட்டப் போட்டு ஊருக்கு அனுப்பிடுவோம்."

"இது சைட் இல்லீங்க. கதை."

"கதைன்னா ஆளு சாவலாமா சார்?"

எம்.ஏ.வில் இந்தக் கேள்வி வரவில்லை. "அப்புறம் பேசறேங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரச்சினை சிரிக்கிற கட்டத்தைச் சீக்கிரமே தாண்டியது. பள்ளியில் அவளுக்கு ஆங்கிலத்தில் விழுந்த மதிப்பெண்களைப் பார்த்து ஆசிரியர்கள் கலையரசியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வில் தேறாவிட்டால், பொதுத்தேர்வைப் பள்ளி மூலமாக எழுத வேண்டாம், தனியாகக் கட்டி எழுதிக்கொள்ளுங்கள் என்று. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் எழுதிப் போடுகிற அவசரம் அவர்களுக்கு. அன்று மாலை அண்ணன் மாடியேறி வந்தார். கையில் பிளாஸ்க் இருந்தது.

தம்ளரைத் துடைத்தார். ஊற்றினார். இரண்டு கையாலும் நீட்டினார். குடித்து முடிக்கிற வரை ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வயலுக்கு ரெண்டு பேரு தண்ணி வெச்சா பயிரு அழுவிடும் சார்" என்றார். தம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் கலையரசியை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். இனி அப்பா வீட்டுப்பாடத்தில் தலையிட வேண்டாம், நானே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அத மட்டும் பண்ணிடாதீங்க சார்" என்றார்.

"பொண்ணோட படிப்பு போவுதும்மா."

"தெரியுது சார். இவளுக்கு நாலு வயசுல அவரு போனாரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவாரு. வந்தா இவ என் பின்னாடி போயி ஒளிஞ்சுக்குவா. யாரோ மாமா வந்திருக்காருன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கா சார் ஒரு தடவ. போன்லயும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அம்மாகிட்ட குடு, அவ்ளோதான். இந்த இங்கிலீஷ் பாடம் வந்தப்புறந்தான் ரெண்டு பேரும் உக்காந்து பேசறாங்க. அத நிறுத்திட்டா மறுபடி சாப்பிட்டியாவுக்குப் போயிடும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஃபெயிலானாலும் பரவால்லன்னு சொல்லல சார். ரெண்டுக்கும் வழி பண்ணுங்க" என்றார். ஏதோ தலைவலி மாத்திரை கேட்கிற தொனியில்.

வழி எனக்கு எங்கே தெரியும்? பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கத் தெரியாதவன், அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். தினமும் பாடத்தைக் குரல் பதிவாக்கிச் செல்வத்துக்கு அனுப்பினேன். நிலவு என்றால் ஏக்கம், ஆறு என்றால் காலம், இருட்டு என்றால் பயம் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவரிடமிருந்து என் பதிவைக் காட்டிலும் நீளமாகப் பதில் பதிவு வரும். "சார், ஆறு காலம்ங்கறீங்க. சரி. அப்ப படகு என்னா சார்?" என் வீட்டில் சோறு ஆறிப்போக, நான் குவைத்தில் ஒரு மாணவனுக்குப் படகு என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அதோடு விட்டதா? செல்வத்தின் அறையில் உள்ள மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். நாகூர்க்காரர் ஜமால் பாய் சமையல்காரர். மற்றவர்கள் வெல்டிங், பெயின்டிங், லாரி. இரண்டடுக்குக் கட்டில்களில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லாரும் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். படகோட்டி செய்தது தப்பு என்று பெரும்பான்மை. ஜமால் பாய் மட்டும் எதிர்த்து நின்றார். "கடல் பக்கத்துல பொறந்தவன் நானு. கூப்பிட்டா போவணும். அம்புட்டுத்தான்" என்றார். பெயின்டர் ஒருவர் மருத்துவச்சி முன்கூட்டியே வந்து தங்கியிருக்க வேண்டும் என்று புதிய குற்றச்சாட்டு ஒன்றைக் கிளப்பினார். இலக்கியத் திறனாய்வு இப்படியும் நடக்கும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லவில்லை. யாழினியோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரித்தாள். எழுதும்போது மட்டும் அப்பாவின் விடையையே எழுதினாள்.

அரையாண்டு நெருங்கிவிட்டது. வெளியே விடாத மழை, சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. சென்டரில் அன்று யாழினியும் இன்னும் ஓரிருவரும்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. குவைத்துக்கு வீடியோ அழைப்பு போட்டுப் போனைப் பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தேன்.

"செல்வம், நானும் பேசிப் பாத்துட்டேன். ஜமால் பாயும் பேசிப் பாத்துட்டாரு. இனிமே நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. யாழினி, நீ சொல்லு. படகோட்டி ஏன் போனான்? நோட்ஸ்ல இருக்கறது வேணாம். அப்பா சொன்னது வேணாம். நான் சொன்னதும் வேணாம். வரியக் காட்டு."

அவள் இமைத்தாள். வெகுநேரம் புத்தகத்தையே பார்த்தாள். பிறகு என்னிடம் பேசாமல் போனிடம் பேசினாள்.

"அப்பா, நீங்க பாடத்த முழுசா படிச்சீங்களா?"

"நீ போட்டோ அனுப்புனதெல்லாம் படிச்சேனே."

"போறதுக்கு முன்னாடி அவன் ஒண்ணு பண்றான், பாத்தீங்களா? தோள்ல கெடந்த துண்ட எடுத்துத் தூங்கற மவ மேல போத்திட்டுப் போறான்."

"ஆமா, இருந்துச்சு."

"மழைல போறவன் துண்ட ஏம்ப்பா வெச்சுட்டுப் போறான்? திரும்பி வர மாட்டோம்னு அவனுக்குத் தெரியும்ப்பா. தெரியாம பண்ணாத்தானே விபத்து? இவன் தெரிஞ்சு போறான்."

அவள் விரல் அந்த வரியின் மேல் இருந்தது. நோட்ஸ் புத்தகத்தில் அந்த வரியைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. நானும் இத்தனை குரல் பதிவில் அதைத் தொடவில்லை.

"செல்வம், பொண்ணு மடக்கிடுச்சுப்பா" என்றார் ஜமால் பாய், மேல் கட்டிலிலிருந்து.

செல்வம் விடுகிற ஆளா? "சரி, தெரிஞ்சே போனான்னு வெச்சுக்குவோம். தூங்கற புள்ளய விட்டுட்டுப் போவலாமா? அது தப்பா இல்லையா?"

"நீங்க போறப்பவும் நான் தூங்கிட்டுதாம்ப்பா இருந்தேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பாடத்தில் இன்னொரு வரியைக் காட்டுகிற குரல். திரையில் பின்னால் கட்டில்களில் தொங்கிய கால்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டன. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாரல் ஒன்றும் அடிக்கவில்லை.

"எழுப்பியிருந்தா போயிருக்க மாட்டேண்டா" என்றார் செல்வம்.

யாழினி, "அவனும் அதனாலதான் எழுப்பல" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். மூன்று வாக்கியம் எழுதினாள். நான் திருத்த ஒன்றுமில்லை. நோட்டைக் காமிராவில் காட்டினாள். அவர் உதட்டை அசைத்து முழுக்கப் படித்தார்.

"நல்லாருக்கு" என்றார். அப்புறம் மனசு கேட்காமல், "ஆனாலும் சார், இடுப்புல ஒரு கயிறாச்சும் கட்டியிருக்கலாம்."

அன்றிலிருந்து ஏற்பாடு தலைகீழாக மாறியது. அப்பா ஒரு விடை சொல்வார். எல்லாம் வழக்கம் போல் விபத்து, கவனக்குறைவு, மேற்பார்வை சரியில்லை. மகள் அதை வரி காட்டி உடைப்பாள். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். அவரை மடக்குவதற்காகவே அவள் பாடத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். என் வேலை முறையை நான் எத்தனையோ வருஷம் சொல்லியும் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகச் செய்ததில்லை. ஒரு பிடிவாதக்கார அப்பா எதிரில் இருந்தால் தானாக நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சும்மா ஓரமாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தால் போதுமானதாக இருந்தது.

அரையாண்டில் படகோட்டி வரவே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். இந்த ஒரு கேள்விக்காவது செல்வத்தைக் கேட்டிருக்கலாம். இருந்தாலும் தேறிவிட்டாள். பள்ளிக்காரர்கள் தனித்தேர்வுப் பேச்சை எடுக்கவில்லை, பொதுத்தேர்வை அவர்கள் மூலமாகவே எழுதினாள். அண்ணன் வந்து அவள் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். டீ எதுவும் ஊற்றவில்லை. கடைப் பையனிடம் வாங்கி வரச் சொன்னார்.

இதோடு முடித்தால் நிவேதா கேட்ட பாஸிட்டிவ் ஆகிவிடும். ஆனால் மே மாதம் செல்வம் விடுப்பில் வந்தார்.

ஒருநாள் மாலை கலையரசி இரண்டு பேரையும் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

"வந்ததுலேர்ந்து ரெண்டும் ஒரு வார்த்த பேசல சார். இவ அடுப்படிக்கு ஓடிடறா. அவரு டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. போன்ல அந்தச் சண்ட போட்டுச்சுங்களே, எங்க போச்சு அதெல்லாம்? நீங்களே பேசவிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செல்வத்தை அன்றுதான் முழு முகமாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எனக்கு ஒரு பேரீச்சம்பழ டப்பாவை நீட்டிவிட்டு வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். யாழினி தன் பழைய பெஞ்சில், எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டாத குறையாக.

"பிரயாணம்லாம் எப்படிங்க?"

"நல்லா இருந்துச்சு சார்."

"யாழினி, அப்பா வந்ததுல சந்தோஷமா?"

"ஆமா சார்."

மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ உர மூட்டை இறக்கினார்கள். செல்வம் தன் முழங்காலைப் பார்த்தார், அவள் மேசையைப் பார்த்தாள். எழுந்து போகலாமா என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிந்துவிட்டது, பாடம் முடிந்துவிட்டது, புது வகுப்புக்குப் புத்தகமே இன்னும் வரவில்லை. கதை சொல்லித் தருகிறவனாகத்தான் இருந்தேனே தவிர, வெறும் ஆட்களைப் பேசவைக்கிற வித்தை எனக்கு எங்கே தெரியும்?

செல்வம் தொண்டையைச் செருமினார். மெதுவாக, ஏதோ கடனுக்குக் கேட்கிறவர் மாதிரி என்னைக் கேட்டார். "சார், எதாச்சும் ஹோம்வொர்க் இருக்கா?"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அலமாரியில் யாரோ விட்டுப்போன பழைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் கிடந்தது. தூசியைத் தட்டி யாழினியின் முன்னால் வைத்தேன். கையில் கிடைத்த பக்கத்தைப் பிரித்தேன். ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வருகிறாள். ரயில் வந்து நிற்கிறது. கையில் டிக்கெட் இருக்கிறது. ஆனால் ஏறாமலே நின்றுவிடுகிறாள்.

"அவ ஏன் ஏறல?" என்றேன். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

செல்வத்தால் பொறுக்க முடியவில்லை. "பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல சந்து ஜாஸ்தியா இருந்திருக்கும் சார். கீழ விழுந்துடுவோம்னு பயந்திருப்பா."

"அப்பா" என்றாள் யாழினி, திரும்பாமலே. "மொதல்ல பாடத்தப் படிங்க."

"நீ குடுத்தாதானே படிக்கறது?"

"வந்தாதானே குடுக்கறது?"

அவர் எழுந்து போய் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் புத்தகத்தை நகர்த்தி நடுவில் வைத்தாள். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். அவள் அந்த விரலை எடுத்து வேறு வரியில் வைத்தாள். அவர் மறுபடி பழைய வரிக்கே வந்தார். குரல் ஏறியது. படியில் உட்கார்ந்திருந்த கலையரசி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கீழே கடை சாத்துகிற சத்தம் கேட்டது. நான் மின்விசிறியை நிறுத்தினேன். யாழினி தலையை நிமிர்த்தாமலே, "சார், ஃபேன்" என்றாள். மறுபடி போட்டேன். நானே கடைசியாகப் புத்தகத்தைப் பிடுங்கி மூடி, இருவர் கையிலும் கொடுத்து, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்து மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விடையா சார்?" என்றாள் யாழினி.

"ஒரே விடை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

"அது கஷ்டமாச்சே சார்" என்றார் செல்வம். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "எப்ப கொண்டாரணும்?"

"உங்க லீவு முடியறப்ப" என்றேன்.